பேரிக்காய், சோயா, கொஞ்சம் கொசுவத்தி

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு மக்களே. ஒட்டடை அடிச்சு, தூசி தட்டிட்டுத்தான் உக்காந்திருக்கேன். சமையல் குறிப்பு தேடி வந்தவங்களுக்கு முன்னாடியே ஒரு வார்த்தை: குறிப்பு உள்ளேதான் இருக்கு, ஆனா நேரா வராது. நாம என்னிக்கு எதை நேரா சொல்லியிருக்கோம்?

மேட்டர் புல்கோகி. கொரிய மொழியில 'புல்' என்றால் நெருப்பு, 'கோகி' என்றால் இறைச்சி. மெல்லிசா சீவின இறைச்சியை சோயா, பேரிக்காய், பூண்டு, எள்ளெண்ணெய் எல்லாம் சேர்ந்த கலவையில ஊற வெச்சு நெருப்புல வாட்டுறது. கிட்டத்தட்ட அதே கலவையில விலா எலும்புக் கறியை ஊற வெச்சா அது கால்பி. இந்தக் கலவைக்கு அவங்க சொல்ற பேரு 'யாங்னியோம்'. நாம மசாலான்னு சொல்றோமே, அது மாதிரி எல்லா சேர்மானத்துக்கும் பொதுப் பேரு. தமிழ்ல 'ஊறல்'னு எழுதலாம்னுதான் முதல்ல நினைச்சேன். ஆனா ஊறல்னாலே போலீஸ் வந்து பானையை உடைக்கிற செய்திதான் ஞாபகம் வருது. அதனால யாங்னியோம்னே வெச்சுக்குவோம்.

சரி, கொசுவத்தியைச் சுத்திக்கிறேன்.

2008-ல வேலைக்காக தென்கொரியாவுல சுவோன் நகரத்துக்குப் போனோம். நான், தங்கமணி, ரெண்டு வயசுப் பையன். சியோலுக்குத் தெற்கே, ரயில்ல ஒரு மணி நேரம். ஊருக்கு நடுவுல ஜொங்ஜோ ராஜா 1794-ல ஆரம்பிச்சு 1796-ல முடிச்ச ஹ்வாசோங் கோட்டை இருக்கு. பெரிய பெரிய வாசல்கள், அதைச் சுத்தி டிராபிக். பாக்க நல்லா இருக்கும். ஆனா ஊருக்குள்ள கேட்டீங்கன்னா கோட்டைக்கு அடுத்தபடி கால்பியைத்தான் சொல்வாங்க. திருநெல்வேலிக்கு அல்வா எப்படியோ சுவோனுக்கு கால்பி அப்படி. இதுல வேடிக்கை, அந்த ஊர் கால்பிக்கு பாரம்பரியமா சோயா கிடையாது, உப்புதான் போடுவாங்க. ஆனா நான் சொல்லப் போறது கடை கால்பி இல்ல. அதை நான் சாப்பிட்டதும் இல்ல. எங்க வீட்டுல மாடும் கிடையாது, பன்றியும் கிடையாது. எனக்கு கோழியும் ஆடும். தங்கமணி சுத்த சைவம். கால்பி ஊர்ல இப்படி ஒரு குடும்பம்!

நாங்க இருந்தது செங்கல் நிறத்துல மூணு மாடிக் கட்டடம். அதுக்கு அங்கே 'வில்லா'ன்னு பேரு. வில்லான்னதும் தோட்டம், நீச்சல்குளம்னு கற்பனை பண்ணிடாதீங்க. நம்ம ஊர் மூணு மாடி ஃபிளாட்தான். கீழ் வீட்டுல வீட்டுக்காரப் பாட்டி தனியா இருந்தாங்க. கொரிய மொழியில பாட்டிக்கு 'ஹல்மோனி'. எங்களுக்கு கடைசி வரைக்கும் அவங்க பேரே ஹல்மோனிதான். (அங்கேயும் அம்மாவுக்கு அம்மா, அப்பாவுக்கு அப்பாதான் தெரியுமான்னு யாரும் ஆரம்பிக்காதீங்க. எல்லாம் தெரியும், ஆறு வருஷமா தினமும் கேட்டாச்சு.)

முதல் அறிமுகமே சண்டையில ஆரம்பிச்சிருக்க வேண்டியது. குடி போன மூணாம் நாள் தங்கமணி ரசத்துக்குத் தாளிச்சாங்க. ரெண்டு நிமிஷத்துல கதவு தடதடன்னு. திறந்தா ஹல்மோனி. மூக்கைப் பொத்திக்கிட்டு, கையை ஆட்டி ஆட்டி, "கேஸ்! கேஸ்!"ங்கறாங்க. கேஸ் லீக் ஆகுதுன்னு நினைச்சிட்டாங்க பாவம். நேரா அடுப்படிக்குப் போய் குழாயை எல்லாம் மோந்து பாத்தாங்க. கடைசியில தங்கமணி பெருங்காய டப்பாவைத் திறந்து நீட்ட, ஒரு மோப்பம் பிடிச்சு, நம்பவே முடியாத முகத்தோட டப்பாவையும் எங்களையும் மாத்தி மாத்திப் பாத்தாங்க. இதைப் போய் சாப்பாட்டுலயா போடுறீங்கங்கற மாதிரி.

நாங்களும் அதே மூஞ்சியைத்தான் வெச்சிருப்போம், அவங்க மொட்டைமாடியைப் பாத்தப்போ. மாடி பூரா பெரிய பெரிய பழுப்பு மண்ஜாடிங்க. ஒண்ணுல சோயா, ஒண்ணுல சோயா விழுது, ஒண்ணுல மிளகாய் விழுது. அவிச்ச சோயா பீன்ஸை இடிச்சு, செங்கல் மாதிரி பிடிச்சு, காயவெச்சு, பூசணம் பூக்க விட்டு, அப்புறம் உப்புத் தண்ணியில போட்டு ஜாடியில மூடுவாங்க. மேலே காய்ஞ்ச மிளகாயும் அடுப்புக்கரித் துண்டும் மிதக்கும். ஒண்ணரை ரெண்டு மாசம் கழிச்சு வடிச்சா தண்ணி சோயா, மண்டி விழுது. இந்த 'ஜாங்' போடுற வித்தைக்கு 2024-ல யுனெஸ்கோ பட்டியல்ல இடம் கிடைச்சப்போ நான் முதல்ல நினைச்சது ஹல்மோனி மாடியைத்தான். வெயில் அடிச்சா ஜாடி மூடியைத் திறப்பாங்க, மேகம் வந்தா ஓடிப் போய் மூடுவாங்க. ஊறுகாய் ஜாடிக்கு எங்க பாட்டி செஞ்ச அதே வேலை.

ஒரு வெயில் காலத்துல தங்கமணி அந்த ஜாடிங்களுக்கு நடுவுல பழைய வேட்டியை விரிச்சு வடாம் பிழிஞ்சாங்க. ஹல்மோனி வந்து பாத்தாங்க. ஒண்ணும் கேக்கல. சாயங்காலம் தூறல் போட்டப்போ நாங்க வெளியே போயிருந்தோம். திரும்பி வந்து மாடிக்கு ஓடினா வேட்டியோட வடாத்தைச் சுருட்டி, தன் ஜாடிங்களையும் மூடி, படிக்கட்டுல உக்காந்திருந்தாங்க. அன்னிலேர்ந்து ரெண்டு பேரும் ஒண்ணாயிட்டாங்க. இவங்களுக்கு கொரியன் தெரியாது, அவங்களுக்கு கொரியன் தவிர எதுவும் தெரியாது. ஆனா மணிக்கணக்கா பேசுவாங்க. என்னதான் பேசுவாங்களோ!

எனக்கு அவங்க புல்கோகி செஞ்சு குடுத்தது கோழியில. தொடைக் கறியை எலும்பெடுத்து, தட்டையா விரிச்சு ஊறப்போட்டு, மாடியில கரி அடுப்பு வெச்சு வாட்டுவாங்க. தங்கமணிக்குத் தனியா, அதே யாங்னியோம்ல காளான். சேசோங்கின்னு ஒரு காளான், கட்டை விரலை விடத் தடிமனான தண்டு. நீளவாக்குல சீவி வாட்டினா கடிக்கறதுக்கு நல்லா இருக்கும். அப்புறம் கத்தரிக்காய், சக்கரைவள்ளி, கொரிய சுரைக்காய்ப் பிஞ்சு. சைவம்னா என்னன்னு நான் படம் போட்டு விளக்கினதுல, மீன் சாறும் கூடாதுன்னு புரிஞ்சுக்கிட்டாங்க. அதுக்கப்புறம் தங்கமணிக்குன்னு தனி இடுக்கி வந்துச்சு, கைப்பிடியில சிவப்பு நூல் கட்டி. சொந்தக்காரங்க வீட்டுல கூட இவ்வளவு பாத்ததில்லைன்னு தங்கமணி இன்னிக்கும் சொல்வாங்க. எந்த சொந்தக்காரங்கன்னு நான் கேட்டுக்கறதில்ல.

பையன் எப்பவும் ஹல்மோனி பக்கத்துலதான். அவனுக்கு ஒரு சின்ன முக்காலி.

2014 மே மாசம் ஊர் திரும்பினோம். அம்மா மடிப்பாக்கம் வீட்டுல குளியலறையில வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சது. நான் ஒரே பிள்ளை. தங்கமணி ஒரு வருஷம் பொறுப்போம், பையன் படிப்பு ஒரு கட்டத்துக்கு வரட்டும், அதுவரைக்கும் நான் மட்டும் போய் அத்தையைப் பாத்துக்கறேன்னாங்க. நான் கேக்கல. ஆபீஸ்ல சொல்லிட்டு வந்து வீட்டுல சொன்னேன். இதை எழுதணுமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். எழுதிட்டேன்.

எட்டு வயசுப் பையன். பிறந்தது சென்னையில, ஆனா அவனுக்கு எல்லாமே சுவோன்தான். இங்கே பள்ளிக்கூடத்துல சேத்தோம். தமிழ் பேசுவான், எழுத வராது. இங்கிலீஷ் அரைகுறை. கொரியன் மட்டும் தண்ணி பட்ட பாடு. முதல் வாரமே 'சைனா'ன்னு பேரு வெச்சுட்டாங்க பசங்க. அவன் எந்த சைனாவைக் கண்டான்! ஒரு நாள் வந்து, இனிமே வீட்டுல யாரும் கொரியன் வார்த்தை பேசக்கூடாதுன்னான். தங்கமணி அடுப்படியில பழக்க தோஷத்துல ஒரு வார்த்தை விட்டாக்கூட காதைப் பொத்திப்பான். சாப்பாடு இறங்கல. இட்லியைப் பிச்சுப் பிச்சுத் தட்டுலயே கோலம் போடுவான். ஆகஸ்ட்ல எடை பாத்தப்போ மூணு கிலோ குறைஞ்சிருந்தான். ஒரு ராத்திரி படுத்துட்டு விட்டத்தைப் பாத்துக்கிட்டே கேட்டான், "எப்பப்பா வீட்டுக்குப் போவோம்?"

வீட்டுலதான் படுத்திருந்தோம்.

எனக்கு வேற எதுவும் செய்யத் தெரியல. என்ன வேணும்டான்னு கேட்டேன். ஹல்மோனி கோழின்னான்.

இதோ செய்யறேன்னு கிளம்பிட்டேன். ஆறு வருஷம் சாப்பிட்டிருக்கேன், ஒரு தடவை கூட கிட்ட நின்னு பாத்ததில்ல. ஆம்பளைத் திமிருன்னு தங்கமணி சொல்றதுல நியாயம் இருக்கு. இருந்தாலும் சோயா, பூண்டு, சக்கரை, பழம், எள்ளெண்ணெய், இவ்வளவுதானே?

முதல் முயற்சி. தெருமுனைக் கடையில கிடைச்ச டார்க் சோயா, ஒரு ஆப்பிள், வீட்டு நல்லெண்ணெய். நம்ம ஊர் டார்க் சோயா ஃப்ரைட் ரைஸுக்கு நிறம் குடுக்க வந்தது. கறி தார் ரோடு நிறத்துல வந்துச்சு. அதை விடப் பெரிய தப்பு நல்லெண்ணெய். ரெண்டுமே எள்ளுதானேன்னு நாம நினைப்போம். அங்கே எள்ளை நல்லா வறுத்துட்டுத்தான் ஆட்டுவாங்க. சந்தையில மெஷின் வெச்சு கண்ணு முன்னாடியே வறுத்துப் பிழிஞ்சு, காலி சோஜு பாட்டில்ல ஊத்திக் குடுப்பாங்க. பச்சை பாட்டிலை அடுக்கி வெச்சிருக்கறதைப் பாத்து முதல்ல நான் சாராயக் கடைன்னே நினைச்சேன். இங்கே செக்குல பச்சை எள்ளோட கருப்பட்டி சேத்து ஆட்டறது. எண்ணெய் அருமைதான், தோசைக்கு அதை அடிச்சுக்க ஆளில்ல, ஆனா வாசனை வேற ஊரு. பையன் மோந்து பாத்தான். தட்டை மெதுவா நகத்தினான். "இது அது இல்ல."

ரெண்டாவது. சென்னையில கொரியாக்காரங்க நிறைய பேரு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் தொழிற்சாலை வந்ததிலேர்ந்து. அவங்களுக்கான மளிகைக் கடைகளும் உண்டு. ஒண்ணைத் தேடிப் போய் ஒரிஜினல் சோயாவே வாங்கிட்டு வந்தேன், வறுத்த எள்ளெண்ணெயும். எனக்கு கொரியன் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். 'கான்ஜாங்' வரைக்கும் படிச்சேன். அதுக்கு முன்னாடி இருந்த ஒரு எழுத்தை விட்டுட்டேன். சோயாவுல ரெண்டு வகை. 'ஜின்கான்ஜாங்' கறிக்கும் பொரியலுக்கும், கொஞ்சம் இனிப்போட அடர்த்தியா இருக்கும். 'குக்கான்ஜாங்' சூப்புக்கு, நிறம் வெளுப்பு, உப்பு ஜாஸ்தி. நான் வாங்கினது சூப்பு. அந்தக் கறியைத் தின்ன மறுநாள் வரைக்கும் நான் தண்ணி குடிச்சுக்கிட்டே இருந்தேன். லேபிளைப் படிக்க வீட்டுலயே ஆள் இருந்தான். கேக்கத் துணிச்சல் வரல.

மூணாவதுல என் மேதாவித்தனம் உச்சம். பேரிக்காய் எதுக்குப் போடறாங்க, கறி மெத்துன்னு ஆகத்தானே, அதுக்கு நம்மகிட்ட இல்லாததா? எங்கம்மா கிழட்டு ஆட்டுக்கறிக்கு பப்பாளிக்காய் போடுவாங்களே! நாலு ஸ்பூன் பப்பாளிக்காய் விழுது போட்டு ராத்திரி பூரா ஃப்ரிட்ஜ்ல. காலையில கரண்டியை விட்டா கறி கஞ்சி மாதிரி வழியுது. பப்பாளிக்காய்ல பப்பேய்ன், கிவியில ஆக்டினிடின், அன்னாசியில ப்ரோமலைன்னு நொதிங்க இருக்கு. எல்லாம் புரதத்தை வெட்டற கத்திங்க. முரட்டு ஆட்டுக்கறிக்கு சரி. கோழித் தொடைக்கு ராத்திரி முழுக்க விட்டா நாருன்னு ஒண்ணு மிச்சமிருக்காது. கொரியாவுலயே கிவி போடறவங்க ஒரு ஸ்பூன் போட்டு அரை மணியில எடுத்துடுவாங்க. பேரிக்காய் சாது. கொஞ்சம் மெத்துன்னு ஆக்கும், மீதி வேலை இனிப்பும் ஈரமும்தான்.

அம்மா அப்போ வாக்கர் வெச்சு நடக்க ஆரம்பிச்சிருந்தாங்க. மூணு தடவையும் ருசி பாத்துட்டு ஒரே விமர்சனம்தான்: "கறிக்கு எதுக்குடா சக்கரை?"

நாலாவதுக்கு முன்னாடி சுவோனுக்குப் போன் போட்டேன். ஹல்மோனியோட பொண்ணு தேஜோன்ல இருந்தாங்க, அவங்க மூலமா ஒரு ஞாயித்துக்கிழமை ககாவோடாக்ல பிடிச்சோம். என் ஓட்டைக் கொரியன்ல கேட்டேன், சோயா எத்தனை ஸ்பூன்? "ஜொக்தாங்ஹி." சக்கரை? "ஜொக்தாங்ஹி." பூண்டு? அதுக்கும் அதேதான். அப்படின்னா 'அளவா'ன்னு அர்த்தம். வேண்டிய அளவுக்கு வேண்டியதைப் போடுன்னு! எங்கம்மாகிட்ட சாம்பார்ப்பொடி அளவு கேட்டா என்ன பதில் வருமோ அதே. நம்ம ஊர்ல கைமணம்னு சொல்லித் தப்பிச்சுக்குவாங்க, அங்கே 'சோன்மாத்', கைருசி. உலகம் பூரா பாட்டிங்க ஒரே சங்கத்துல இருக்காங்க.

அப்புறம் பையன் சாப்பிட்டானான்னு கேட்டாங்க. நான் சும்மா ஆங்கன்னேன். போனைக் குடுங்கன்னாங்க. நீட்டினேன். அவன் தலையை ஆட்டிட்டு பால்கனிக்குப் போயிட்டான். அவங்களுக்குப் புரிஞ்சிடுச்சு போல. கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் சொன்னாங்க, "பேரிக்காயை அவனை விட்டுத் துருவச் சொல்லு. அது அவன் வேலை."

எனக்கு இது தெரியவே தெரியாது. முக்காலியில உக்காந்து அவன் வேடிக்கை பாக்கறான்னுதான் ஆறு வருஷமும் நினைச்சிருந்தேன்.

கொரியப் பேரிக்காய் பெருசு, ஒண்ணு அரை கிலோ கூட இருக்கும், கடிச்சா தண்ணி வழியும். இங்கே அப்போ எனக்குக் கிடைக்கல. ஆனா ஆகஸ்ட் மாசம். கொடைக்கானல் நாட்டுப் பேரிக்காய் தள்ளுவண்டியில குவிச்சு வெச்சிருந்தாங்க. சொரசொரன்னு, கல்லு மாதிரி, நறுக்குன்னு கடிபடுற ஜாதி. வெளிநாட்டுலேர்ந்து ஸ்டிக்கர் ஒட்டி வர்ற வழவழ பழத்தை விட இதுதான் கொரியாவுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம். மூணு வாங்கி, துருவியோட அவன் முன்னாடி வெச்சேன். ஒண்ணும் சொல்லல. வெச்சுட்டு வெங்காயம் நறுக்கப் போயிட்டேன், திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு.

துருவற சத்தம் கேட்டுச்சு.

நான் வழக்கம் போல கிண்ணத்துல சோயாவை ஊத்தி, எண்ணெய் பாட்டிலைத் திறந்தேன். பின்னாடிலேர்ந்து குரல். "தப்புப்பா. எண்ணெய் கடைசியில. முதல்ல சக்கரை." அப்புறம் வரிசையா வந்துச்சு. கறியைத் தண்ணியில அலசி, துணியில ஒத்தி எடுக்கணும். ஈரம் இருந்தா எதுவும் உள்ளே போகாது. முதல்ல சக்கரையும் பேரிக்காயும் போட்டுப் பிசறி வெக்கணும், ஹல்மோனி ஒரு நாடகம் விளம்பரம் வர்ற வரைக்கும் வெப்பாங்க. (நாங்க அரை மணின்னு வெச்சுக்கிட்டோம்.) அப்புறம்தான் சோயா, பூண்டு, இஞ்சி, மிளகு. எண்ணெயை முன்னாடியே ஊத்தினா கறிக்கு ரெயின்கோட் போட்ட மாதிரி, சோயா இறங்காது. வெங்காயத்தாளும் வறுத்த எள்ளும் கடைசி. எள்ளை உள்ளங்கையில வெச்சு நுணுக்கிப் போடணும். அதைச் சொல்லும்போது கையைத் தேச்சுக் காட்டினான். அப்படியே ஹல்மோனி.

அவன் சொல்லச் சொல்ல நான் கைக்கு வந்ததைப் போட்டு, போட்டதை ஸ்பூன்ல அளந்தேன். அவன் நோட்டுப் புத்தகத்துலேர்ந்து ஒரு தாளைக் கிழிச்சு எழுதினான். கொரியன்ல. நான் கவனிக்காத மாதிரி இருந்தேன்.

அந்தத் தாள்ல இருக்கறது இதுதான், எழுதிக்கிறவங்க எழுதிக்கோங்க. எலும்பில்லாத கோழித் தொடை ஒரு கிலோவுக்கு சக்கரை மூணு மேஜைக்கரண்டி, நம்ம பேரிக்காய் பெருசா ஒண்ணு துருவினது, பாதி வெங்காயம் அதுவும் துருவி, பூண்டு எட்டுப் பல், கட்டை விரல் நுனி அளவு இஞ்சி, ஜின்கான்ஜாங் எட்டு மேஜைக்கரண்டி, மிளகுத்தூள் அரை டீஸ்பூன், வறுத்த எள்ளெண்ணெய் ரெண்டு மேஜைக்கரண்டி, வெங்காயத்தாள் மூணு, எள்ளு ஒரு கை. அங்கே அரிசி ஒயின் ரெண்டு ஸ்பூன் விடுவாங்க, கவிச்சி போக. நாங்க விடல, ஒண்ணும் குடி முழுகல. வறுத்த எண்ணெய் கிடைக்கலைன்னா எண்ணெயை விட்டுட்டு எள்ளை நல்லா சிவக்க வறுத்து ரெட்டிப்பா போடுங்க. நல்லெண்ணெயை வெச்சு சமாளிக்கறதை விட அது கிட்ட வரும். கோழிக்கு நாலு மணி நேரம் ஊறினா போதும்.

ஆட்டுக்கறிக்கும் இது பிடிக்கும், மெல்லிசா சீவக் கறிக்கடைக்காரர் மனசு வெச்சா. பாதி உறைஞ்ச கறியை வீட்டுலயே சீவறது சுலபம்.

சைவக்காரங்க கவனிங்க. காய்கறியை இதுல ஊறப் போட்டா உப்பு இறங்கி தண்ணி விட்டு, வாட்டறதுக்கு பதில் வெந்துடும். அவங்களுக்குன்னு தனியா எடுத்து வெச்ச யாங்னியோமை (கறி ஊறினதுலேர்ந்து எடுத்துத் தொலைக்காதீங்க, எங்க வீட்டுல அதுக்காக ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்ல) சின்ன சட்டியில பாதியா வத்த விடணும். பாகு மாதிரி வரும். காளான், கத்தரிக்காய், குடமிளகாய் எல்லாம் எண்ணெய் மட்டும் தடவி வாட்டி, முக்கால் பதம் வந்ததும் இந்தப் பாகைப் பூசி, திருப்பி ஒரு நிமிஷம். கடையில பாட்டில்ல ரெடியா விக்கற யாங்னியோம் வாங்கறதா இருந்தா லேபிளைப் பாருங்க, இறைச்சிச் சாறு, மீன் சாறு சேத்ததும் உண்டு.

அன்னிக்கு வாட்டினது மொட்டைமாடியில. கரி எங்கே கிடைக்கும்னு முழிச்சப்போ, முனையில இஸ்திரி வண்டி வெச்சிருந்த அண்ணன் ஒரு பை குடுத்து உதவினார். பழைய இரும்புச் சட்டியில கரி, மேலே அப்பளம் சுடற கம்பி வலை. சக்கரை இருக்கறதால கண் இமைச்சா கருகிடும், அடிக்கடி திருப்பணும், கலவையை நல்லா வடிச்சுட்டுப் போடணும். புகை போன போக்குல நாலாவது மாடிக்காரர் வந்து அசோசியேஷன் விதியெல்லாம் சொன்னார். ஒரு துண்டு நீட்டினோம். அடுத்த தடவை எப்பன்னு கேட்டுட்டுப் போனார். மாடியெல்லாம் சரிப்படாதுங்கறவங்களுக்கு, தோசைக்கல்லே போதும். நல்லா காய விட்டு, கொஞ்சம் கொஞ்சமா போடுங்க. மொத்தமா கொட்டினா குழம்பாயிடும்.

பையன் முதல் துண்டை வாயில வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் மென்னான். நாங்க மூணு பேரும் அவன் வாயையே பாத்துக்கிட்டிருக்கோம். "கிட்டத்தட்ட"ன்னான். அப்புறம் சாதம் கேட்டான். ரெண்டாவது தடவையும் கேட்டான். தங்கமணி சாதம் போட உள்ளே போனவங்க அஞ்சு நிமிஷம் வெளியே வரல.

உடனே எல்லாம் சரியாயிடுச்சுன்னு எழுதினா பொய். பள்ளிக்கூடத்துல அவன் ஒரு கூட்டாளியைப் பிடிக்க அடுத்த வருஷம் ஆச்சு. அந்த 'சைனா' ஆறாவது வரைக்கும் போச்சு. ஆனா ஞாயித்துக்கிழமை போன் வந்தா எழுந்து போறதை விட்டான். முதல்ல பக்கத்துல நின்னான். தீபாவளி சமயத்துல பேசினான். அவன் பேசினதுல பாதி எனக்குப் புரியல. நல்லதுதான்.

ஹல்மோனியோட கட்டடம் இப்போ இல்ல. அந்தத் தெருவையே இடிச்சு அபார்ட்மென்ட் கட்டிட்டாங்க. அவங்க பொண்ணு வீட்டுக்கு தேஜோன் போயிட்டாங்க. பதினாலாவது மாடி, ஜாடி வெக்க இடம் ஏது? யாரோ எடுத்துட்டுப் போனாங்களாம். ரெண்டு ஜாடியில பூச்செடி வெச்சிருக்கறதா பொண்ணு ஒரு போட்டோ அனுப்பியிருந்தாங்க.

போன வருஷம் அந்தப் பொண்ணுகிட்டேர்ந்து ஒரு செய்தி. அம்மாவுக்கு மறதி ஜாஸ்தியாயிடுச்சு, சமையல் எதுவும் ஞாபகம் இல்ல. நாங்க செய்யற எதையும் சாப்பிட மாட்டேங்கறாங்க. நான் சின்ன வயசுல அடுப்படிப் பக்கமே போனதில்ல. உங்க பையன் எப்பவும் கூடவே இருப்பானே, அவனுக்கு அம்மாவோட யாங்னியோம் அளவு ஏதாவது தெரியுமா?

பையன் இப்போ கோயம்புத்தூர்ல காலேஜ் ஹாஸ்டல். சொன்னேன். பத்து நிமிஷத்துல பதில் வந்துச்சு, ஃப்ரிட்ஜ் கதவுல காந்தத்துக்கு அடியில பாருங்கப்பான்னு. எண்ணெய்க் கறையும் மஞ்சளுமா, எட்டு வயசு கோழிக்கிறுக்கல்ல அந்தத் தாள். தினமும் பால் எடுக்கத் திறக்கற கதவு, எனக்குக் கண்ணுலயே படல. போட்டோ எடுத்து அனுப்பினேன். கொரியன்ல இருந்ததால மொழிபெயர்க்கற வேலை மிச்சம்.

மறுநாள் ராத்திரி வீடியோ கால் வந்துச்சு. ஹல்மோனி மேஜைக்கு முன்னாடி உக்காந்திருந்தாங்க, ரொம்பச் சின்னதா ஆயிட்டாங்க. எங்களை யாருன்னு தெரியல. தங்கமணியைப் பாத்துச் சிரிச்சாங்க, அவ்வளவுதான். பொண்ணு ஒரு துண்டு கோழியை லெட்டூஸ் இலையில சுருட்டி வாயில வெச்சாங்க. மென்னாங்க. நாங்க இங்கே மூச்சை அடக்கிக்கிட்டு. முழுங்கிட்டு, முகத்தைச் சுளிச்சு, தெளிவா ஒரே வார்த்தை. "சிங்கொப்தா."

உப்பு பத்தலையாம்.

எங்கம்மாவுக்கு பிரஷர்னு நான் அன்னிக்கு சோயாவை ஒரு கை குறைச்சுத்தான் ஊத்தினேன், இப்போதான் ஞாபகம் வருது. அதனால மேலே எட்டு மேஜைக்கரண்டின்னு எழுதியிருக்கேன்ல, அதைப் பத்தா மாத்திக்கோங்க. ஃப்ரிட்ஜ் தாள்ல நான் மாத்தல. பையன் பொங்கலுக்கு வரும்போது அவனே திருத்திப்பான்.